இன்ஜின் இழுத்த மூச்சு

தண்ணீரில் ஊறிய வண்டிக்கென்று ஒரு நாற்றம் உண்டு. சேறும் டீசலும் அழுகிய சீட்டுப் பஞ்சும் சேர்ந்த நாற்றம். எர்ணாவூரில் சுடலைராஜின் மெக்கானிக் ஷெட்டுக்குள் கால் வைத்ததுமே அது மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தவ்ஃபீக் கர்ச்சீப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

“யக்கா, நம்ம ஆபீஸ்ல ஏசி இல்லன்னு நேத்து பேஜாரு பண்ணேன்ல? வாபஸ் வாங்கிக்கிறேன்.”

“வாயையும் வாபஸ் வாங்கிக்கோ. செல்லை எடு. நான் தொடுற ஒவ்வொண்ணையும் வீடியோ பிடி” என்றாள் ரெஜினா.

ரெஜினா ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு விபத்து வண்டிகளைப் பரிசோதித்துக் கொடுத்த சர்வேயர். நொறுங்கிய வண்டியைப் பார்த்தே யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிப்பாள். அந்த வேலை அலுத்துப்போய், ராயபுரத்தில் ஒரு கயிற்றுக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தாள். தவ்ஃபீக் அவளுடைய உதவியாளன். ஆட்டோ ஓட்டுவான், ஆள் விசாரிப்பான். இரண்டும் இல்லாத நேரத்தில் வாயை ஓட்டுவான்.

ஷெட்டின் நடுவில் நின்ற வெள்ளை டீசல் வேன் பாரிக்குச் சொந்தமானது. பாரி இப்போது இல்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில், பழைய படகுத்துறைச் சரிவுக்குக் கீழே, வேன் முங்கிக் கிடந்ததை மீன்பிடிக்கப் போனவர்கள் பார்த்தார்கள். உள்ளே டிரைவர் சீட்டில் பாரி. சீட்டுக்கடியில் பாதி காலியான பிராந்தி பாட்டில். சாவி ஆனில் இருந்தது. கியர் நாலில் இருந்தது. போதாததற்குக் கண்ணால் பார்த்த சாட்சியும் இருந்தான். பாரியின் சின்ன வயது தோஸ்து லோகநாதன். ‘பொழுது சாயுற நேரம், தூண்டில் போட்டுக்கினு நின்னேன் சார். வண்டி கண்ணுமண்ணு தெரியாம வந்துச்சு. இன்ஜின் பேய் மாதிரி அலறிக்கினே போய் தண்ணில வுயுந்துச்சு’ என்று ஸ்டேஷனில் சொல்லியிருந்தான்.

குடிபோதையில் ஓட்டினான், விழுந்தான், மூழ்கிச் செத்தான். போலீஸ் அத்துடன் கையைக் கழுவிக்கொண்டது.

பாரியின் மனைவி ஷாலு கழுவிக்கொள்ளவில்லை. எம்.கே.பி. நகர் குடியிருப்பிலிருந்து ராயபுரத்துக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அவரு குடிக்க மாட்டாருக்கா. அவுங்க நைனா குடிச்சே செத்தவரு. அந்த வாடையே ஆவாது அவருக்கு. என் பொண்ண ஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுன்னு கூப்புடுறாங்க. அவ போவ மாட்டேன்னு வூட்லயே குந்திகினு கீறா.”

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள். வேனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடச் சொல்லி லோகு அண்ணன் நச்சரிக்கிறாராம். பார்க்கப் பார்க்கத் துக்கம்தானே என்கிறாராம்.

அன்றைக்கே ரெஜினா சுடலைராஜைக் கூப்பிட்டு இன்ஜினைப் பிரிக்கச் சொல்லிவிட்டாள்.

“நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணையும் தொடைக்கலக்கா” என்றார் சுடலைராஜ். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். வடசென்னையில் பாதி வாழ்க்கை கழிந்தும் பேச்சு மட்டும் ஊரை விட்டு வரவில்லை. “எல்லாம் அந்தா கெடக்கு, பாருங்க.”

பழைய பேனர் துணி ஒன்றின் மேல் இன்ஜினின் உள்ளுறுப்புகள் வரிசையாகக் கிடந்தன. பிஸ்டன்கள், கனெக்டிங் ராடுகள், வால்வுகள், ஸ்பிரிங்குகள். எல்லாவற்றிலும் சாம்பல் நிறச் சேறு.

“ஆட்டுக்குடல் கழுவச்சொல்ல பாத்துகீறேன். இன்ஜின் குடல் இப்பதான் பாக்குறேன்” என்றான் தவ்ஃபீக்.

ரெஜினா ஒரு கனெக்டிங் ராடை எடுத்துச் சேற்றை வழித்தாள். கண்ணாடிப் பலகை ஒன்றின் மேல் அதைப் படுக்க வைத்துக் குனிந்து பார்த்தாள். அடுத்ததை வைத்தாள். அதற்கடுத்ததையும் வைத்தாள். கடைசி ராடையும் பார்த்து முடித்தபோது அவள் முகம் இறுகியிருந்தது.

“தவ்ஃபீக், காத்தை நசுக்க முடியுமா?”

“பலூன் வச்சிகினு குந்தினா முடியும்.”

“தண்ணியை?”

“அது எப்டிக்கா நசுங்கும்?”

“நசுங்காது. அதுதான் விஷயம். இன்ஜினுக்குள்ள பிஸ்டன் மேல வந்து காத்தை நசுக்கும். ஓடுற இன்ஜின் காத்துக்குப் பதிலா தண்ணியை உறிஞ்சிட்டா, பிஸ்டன் தண்ணியில போய் முட்டி நிக்கும். கீழே இருக்கிற கிராங்க் தண்டு நிக்காது, சுத்தப் பார்க்கும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட இந்த ராடு வளைஞ்சிடும். மழை வெள்ளத்துல ஓட்டின வண்டி எத்தனை பார்த்திருக்கேன். ஒண்ணாவது வளையாம இருக்காது.”

சுடலைராஜ் ராடுகளைத் தானும் ஒருமுறை தடவிப் பார்த்தார். “எல்லாம் கம்பி மாதிரி நேரா இருக்கே.”

“அப்போ தண்ணிக்குள்ள போனப்ப இன்ஜின் ஓடல.”

“விழுறதுக்கு முந்தி ஆஃப் பண்ணிருப்பாரோ?”

“சாவி ஆன்ல இருந்துச்சு, அண்ணாச்சி. கியர் நாலுல இருந்துச்சு.”

“குடிச்சிட்டு தண்ணிக்குள்ள பாயுறவன், டீசல மிச்சம் புடிக்க ஆஃப் பண்ணிட்டு, அப்பால போலீஸுக்காக மறுபடி ஆன் பண்ணானா?” என்றான் தவ்ஃபீக். பிறகு அவனே குரலைத் தாழ்த்திக்கொண்டான். “அப்ப தள்ளி வுட்டுகீறாங்க.”

“ஆமாம்.”

வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று புகைந்துகொண்டிருந்தன. ரெஜினா பிஸ்டன்கள் பக்கம் நகர்ந்தாள். ஒன்றை எடுத்து அதன் தலையைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

பிஸ்டனின் வழவழப்பான தலையில் பிறை நிலா போல ஒரு வடு. அடுத்ததிலும் இருந்தது. எல்லாவற்றிலும் இருந்தது. வால்வுகளை எடுத்து உருட்டினாள். ஒன்று கூட ஒழுங்காக உருளவில்லை. தண்டு கோணி, நொண்டிக்கொண்டு ஓடின.

“வால்வு வந்து பிஸ்டன்ல இடிச்சிருக்கு” என்றார் சுடலைராஜ். “ரெண்டையும் தாளம் தப்பாம ஓட வைக்கிற டைமிங் பெல்ட் அறுந்தா இப்படித்தான் ஆவும்.”

“பெல்ட் எங்கே?”

அவர் எடுத்து வந்தார். முழுசாக இருந்தது. ஒரு பல் கூடப் போகவில்லை.

“இது இருந்த எடத்துல ஒழுங்காத்தான் இருந்துச்சு. அப்பம் எப்படி?” அவருக்கே புரியவில்லை.

“வேகம்” என்றாள் ரெஜினா. “பிஸ்டன் மேல வர்றதுக்குள்ள, காத்தும் புகையும் போற வால்வு மூடியாகணும். மூடுறது ஸ்பிரிங் வேலை. இன்ஜின் தாங்குற வேகத்துக்கும் மேல வெறிபிடிச்சு ஓடினா ஸ்பிரிங்கால ஈடு கொடுக்க முடியாது. வால்வு திறந்தே இருக்கும்போது பிஸ்டன் வந்து மோதிடும். மோதின அப்புறம் இன்ஜின் செத்துடும். திரும்ப ஸ்டார்ட் ஆகாது.”

“பாரி ஏறி மிதிச்சிருப்பான்” என்றார் சுடலைராஜ்.

“மிதிச்சாலும் அளவுக்கு மேல டீசல் போகாது. வண்டி கம்பெனியே அளவு கட்டி வச்சு அனுப்புறான். அப்போ இந்த இன்ஜினுக்கு வேற எங்கேயிருந்தோ தீனி கிடைச்சிருக்கு. காத்தைத் திணிக்கிற டர்போ வழியா அதோட ஆயிலையே குடிச்சுதான்னு பார்த்தேன். குழாய்ல ஆயில் பூச்சே இல்லை. மிச்சம் இருக்கிற வழி ஒண்ணுதான். காத்து.”

“காத்தா?”

“மணலி ரோட்டுல ஒரு தடவை பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்துச்சு. பக்கத்துல டீசல் ஜீப் ஒண்ணு நின்னுக்கிட்டிருந்துச்சு. சாவியைப் பிடுங்கிக் கையில வச்சுக்கிட்டு டிரைவர் அலறுறான், இன்ஜின் அவனை விடப் பெரிசா அலறுது. டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். காத்தோட எரியுற ஆவி எது கலந்து வந்தாலும் நசுக்கியே எரிச்சிடும். சாவியை ஆஃப் பண்ணினாலும் நிக்காது, காத்துலயே சாப்பாடு இருக்கே.” ரெஜினா பிஸ்டனைக் கீழே வைத்தாள். “இந்த வண்டி ஆவி நிறைஞ்ச இடத்துல நின்னிருக்கு. அது எதை மூச்சிழுத்ததோ, பாரியும் அதைத்தான் இழுத்திருக்கான்.”

தவ்ஃபீக் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த செல்லைத் தாழ்த்தினான்.

“இந்தச் சுத்துவட்டாரத்துல எரியுற ஆவி எங்கே வரும், தவ்ஃபீக்?”

“யக்கா, எண்ணூர்ல நின்னுகினு இந்தக் கேள்விய கேக்குறது, கடல்ல தண்ணி எங்க கீதுன்னு கேக்குற மாதிரி.”

ரெஜினா ஷாலுவுக்குப் போன் போட்டாள். அன்றைக்குப் பாரிக்கு என்னென்ன சவாரி என்று கேட்டாள். ஷாலு யோசிக்கவே இல்லை. காலையில் காட்டுப்பள்ளிக்கு ஆட்களை இறக்கினார். சாயங்காலம் தின்னர் கம்பெனிக்கு, ஷிப்ட் முடிந்த பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு வர.

பெயிண்டில் கலக்கும் தின்னரைத் தயாரித்து டிரம்மில் அடைக்கும் கம்பெனி அது.

*

தின்னர் கம்பெனியின் வாசலில் தவ்ஃபீக் ஆட்டோவை நிறுத்தினான். உப்பளத்தை ஒட்டிய தனிமையான இடம். கேட்டுக்கு உள்ளே, வண்டிகள் நிற்கும் வெட்டவெளியும் அதன் ஓரத்தில் நீண்ட சுவரும் தெரிந்தன. சுவரில் ஆள் உயரத்துக்குச் சிவப்பு பெயிண்டில் ‘புகை பிடிக்காதீர்’ என்று எழுதியிருந்தது.

“எயுத்துக்கெல்லாம் கால் வயுக்கிகீது பாருக்கா” என்றான் தவ்ஃபீக்.

அவன் விளையாட்டாகச் சொன்னதை ரெஜினா உற்றுப் பார்த்தாள். எழுத்துகளின் மேல்பாதி பளிச்சென்று இருந்தது. கீழ்ப்பாதி கரைந்து, சிவப்புச் சிவப்பாகச் சுவரில் வழிந்து காய்ந்திருந்தது. இடுப்பு உயரத்துக்குச் சுவர் முழுக்க அப்படித்தான். வண்டிகள் நிற்கும் இடத்தில் தரையில் புல் பொசுங்கிக் கிடந்தது.

“பெயிண்டைக் கரைக்கிறது எது?”

“தின்னரு.” தவ்ஃபீக் கையால் உயரம் காட்டினான். “இம்மாம் ஒயரத்துக்கு அடிச்சிகீதுன்னா, ஆறு மாதிரி கொட்டியிருக்கணுமேக்கா.”

மேனேஜர் ராசையா வெளியே வந்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. இன்சூரன்ஸ் விஷயமாக வந்திருப்பதாக ரெஜினா சொன்னதும் கைகூப்பி, உட்காரச் சொல்லி, மோர் வரவழைத்தார்.

“பாரி நல்ல பையன்ங்க. என்ன செய்ய, குடிப்பழக்கம். அன்னைக்கு எங்களுக்கு வண்டியே வரலை. லேடீஸ் எல்லாம் கேட்ல காத்துக்கிட்டு நிக்கிறாங்க. போன் போட்டா எடுக்கலை.”

“அடடா. அப்புறம் அவங்க எப்படி வீட்டுக்குப் போனாங்க?”

“நான் விட்டுடுவேனாங்க? நம்ம லோகுதான் ஷேர் ஆட்டோ பிடிச்சு எல்லாரையும் ஏத்தி அனுப்பினான். இருட்டுற வரைக்கும் இங்கேயேதான் நின்னான். டேங்கர்லேர்ந்து சரக்கு இறக்குறதெல்லாம் அவன் பொறுப்பு. பொறுப்பான ஆளு.”

“லோகநாதனா?”

“ஆமாங்க. பாரியை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே அவன்தான்.”

ரெஜினா மோரைக் குடித்து முடித்து, நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். ஆட்டோ கிளம்பியதும் தவ்ஃபீக் பக்கம் குனிந்தாள்.

“கேட்டியா?”

“கேட்டேன். லோகு இருட்டுற வரைக்கும் இங்க நின்னு ஆட்டோ புடிச்சிகினு இருந்தாரு. அதே லோகு பொயுது சாயச்சொல்ல முகத்துவாரத்துல தூண்டில் போட்டுகினு இருந்தாரு. ஒரே ஆளு ரெண்டு ஷிப்ட்டு.” தவ்ஃபீக் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினான். “ரெண்டு பேரும் ஒக்காந்து ஒரே பொய்யா முடிவு பண்ணியிருக்கலாம்ல?”

அப்போது சுடலைராஜிடமிருந்து போன் வந்தது. குரல் கிசுகிசுத்தது. “எக்கா, சீக்கிரம் வாங்க. அந்த லோகநாதன் பழைய இரும்புக்காரன் டெம்போவோட வந்து நிக்கான். வண்டியத் தூக்கணுமாம். ஷாலு பிள்ளையையும் கையெழுத்துப் போடக் கூட்டியாந்திருக்கான்.”

*

லோகநாதன் ஒல்லியான ஆள். அழுது அழுது கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஷாலு வெயிலில் நிற்காமல் இருக்க டெம்போவை நகர்த்தி நிழல் பண்ணிக் கொடுத்திருந்தான். அவள் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதுவும் அவன் வாங்கிக் கொடுத்ததாகத்தான் இருக்க வேண்டும்.

“இன்னாத்துக்கு மேடம் இன்ஜினெல்லாம் பிரிச்சிப் போட்டுகினு? போனவன் வந்துடுவானா?” என்றான்.

ரெஜினா ஒரு பிஸ்டனை எடுத்து அவன் கையில் வைத்தாள். கனத்தில் அவன் கை தாழ்ந்தது.

“இதுல நிலா மாதிரி ஒரு வடு இருக்கு, பார்த்தியா லோகு? பாரியோட இன்ஜின் வெறிபிடிச்சு ஓடி, உள்ளேயே அடிச்சுக்கிட்டுச் செத்திருக்கு. பேய் மாதிரி அலறிச்சுன்னு ஸ்டேஷன்ல சொன்னியே, அது பொய் இல்லை. நீ கேட்ட சத்தம்தான். ஆனா கேட்டது முகத்துவாரத்துல இல்லை. தின்னர் கம்பெனி வாசல்ல.”

லோகநாதன் பிஸ்டனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“செத்துப்போன இன்ஜினோட வண்டி படகுத்துறைக்கு எப்படி வந்துச்சு? யார் கயிறு கட்டி இழுத்தது?”

ஷாலு பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்தாள். “இன்னாண்ணா சொல்றாங்க இவங்க?”

அந்த ‘அண்ணா’வில் அவன் உடைந்துபோனான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிஸ்டனை மட்டும் கையிலிருந்து விடவில்லை.

“ஹோஸு கயண்டுக்கிச்சு ஷாலு. டேங்கர்லேர்ந்து எறக்கிகினு இருந்தேன். அத்த இறுக்குற பட்டையெல்லாம் துருப்புடிச்சுப் போச்சு, மாத்துங்கன்னு சொல்லிகினேதான் இருந்தேன், மாத்தல. படக்குனு புட்டுகினு தின்னரு பீச்சி அடிச்சிச்சு. காத்தே இல்ல அன்னிக்கி. ஆவி அப்டியே தரையோட நிக்குது. பாரி அப்பதான் வண்டிய கொண்டாந்து நிறுத்தினான். வண்டி தானா கத்த ஆரம்பிச்சிச்சு. சாவிய ஆஃப் பண்ணிட்டான், நிக்கல. நாங்கல்லாம் வெளிய ஓடிட்டோம்.”

“அவரு?”

“அவனும் ஓடி வந்துட்டான் ஷாலு. வெளிய வந்துட்டான். அப்பதான் உள்ள பட்டம்மா வுயுந்து கெடக்குறத பாத்தான். கூட்டுறதுக்குப் புதுசா சேர்ந்த பொம்பள. பேரு கூட அவனுக்குத் தெரியாது. நான் கையப் புடிச்சி இழுத்தேன். ஒதறிட்டு உள்ள போனான். அந்தம்மாவ தோள்ல போட்டு இழுத்தாந்து கேட்டாண்ட போட்டான். போட்டுட்டு அங்கியே வுயுந்தான்.”

ஷாலு அசையாமல் நின்றாள்.

“ராசையா வந்து மூக்காண்ட கைய வச்சிப் பாத்தாரு. போய்ட்டான்டா, மூச்சு இல்லன்னாரு. ஹோஸ மாட்டுனது நீ, செத்தவன இட்டாந்ததும் நீ, வெளிய தெரிஞ்சா ஜெயிலுக்குப் போறது நீதான்னாரு. செத்தவனுக்கு இனிமே இன்னா வலிக்கப் போவுதுன்னாரு. பாத்தவங்க வாயெல்லாம் வேலை போய்டும்னு சொல்லி அடைச்சாரு. அவரே பாட்டில குடுத்தாரு. கம்பெனி லாரில கயிறு கட்டி…” பிஸ்டனை மடியில் அழுத்திக்கொண்டான். “எம் புத்தி கெட்டுப்போச்சு. ஆனா அவன் அப்பவே செத்துட்டான் ஷாலு. எம் பசங்க மேல சத்தியமா, நான் கொல்லல.”

ரெஜினா அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். இதைச் சொல்லாமல் விட்டுவிட அவளுக்கு ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஷாலுவை நிமிர்ந்து பார்த்தாள். ‘சொல்லுங்க’ என்பது போல ஷாலு தலையசைத்தாள்.

“மூச்சு இருக்கான்னு நீ பார்த்தியா, லோகு?”

“ராசையா பாத்தாரு.”

“நீ பார்த்தியா?”

“…இல்ல.”

“போஸ்ட்மார்ட்டம் பண்ணின டாக்டரை நேத்து போய்ப் பார்த்தேன். பாரியோட நுரையீரல் நிறைய முகத்துவாரத்துத் தண்ணி. சேறு. அது தானா உள்ளே போகாது. உயிரோட இருக்கிறவன் மூச்சிழுத்தாதான் போகும்.”

லோகநாதன் வாய் திறந்தபடி அவளையே பார்த்தான். வாக்கியம் அவனுக்குள் இறங்க நேரமாயிற்று.

“மயக்கத்துலதான் இருந்திருக்கான்” என்றாள் ரெஜினா. “ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருந்தா பிழைச்சிருக்கலாம்.”

“முயுகித்தான் செத்தான்னு போலீஸ் சொன்னப்போ…” அவன் குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “நம்ம கதைய நம்பிட்டாங்கன்னு நெனச்சேனே. சந்தோசப்பட்டேனே.”

பிஸ்டன் அவன் கையிலிருந்து உருண்டு சிமென்ட் தரையில் விழுந்தது.

ஷாலு மறுபடி அவனிடம் பேசினாள். குரல் உயரவே இல்லை.

“தண்ணில தள்ளச்சொல்ல, வண்டி ஜன்னலு தொறந்து இருந்துச்சா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“சொல்லுண்ணா. தொறந்து இருந்துச்சா?”

“நான்தான் ஏத்தி வுட்டேன்” என்றான் லோகநாதன். “வெளிய மெதந்து வந்துடக் கூடாதுன்னு.”

டெம்போக்காரன் சத்தமில்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். சுடலைராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்பேனர்களை அடுக்குவது போல நின்றார். ஷாலு சுவரில் சாய்ந்து, புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு, சத்தம் வராமல் குலுங்கினாள். தவ்ஃபீக் போய் அவள் பக்கத்தில் நின்றான். அவள் கீழே வைத்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான், லோகு வாங்கிய அதைக் கொடுக்கக் கூடாது என்று தோன்றி, திரும்பக் கீழே வைத்தான்.

ரெஜினா இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தாள். ஜீப் வந்தபோது லோகநாதனை யாரும் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவனே எழுந்து போய்ப் பின்பக்கம் ஏறினான். ஏறும்போது ஷாலுவின் பக்கம் திரும்பினான். அவள் பார்க்கவில்லை.

“பட்டம்மாள் இப்போ எங்கே இருக்காங்க?” என்று ரெஜினா ஜீப்புக்குள் குனிந்து கேட்டாள்.

“மீஞ்சூர்ல தங்கச்சி வூட்ல. யாராண்டயும் பேசக் கூடாதுன்னு ராசையா கொண்டு போய் வுட்டாரு.”

ஷாலு கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அவங்கள நான் பாக்கணும்க்கா. இப்பவே.”

*

மீஞ்சூர் போகும் வழியிலேயே இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். ராசையாவை அவருடைய அறையிலேயே பிடித்துவிட்டார்களாம். சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வரவழைத்துக்கொண்டிருந்தாராம். கம்பெனிக்குச் சீல் வைக்க ஆள் போயிருக்கிறதாம். ரெஜினா இதை ஷாலுவிடம் சொன்னாள். ஷாலு “சரிக்கா” என்றாள். சாலையோரத்து அனல்மின் நிலையச் சாம்பல் மேடுகளைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ரயில்வே கேட்டைத் தாண்டி ஓர் ஓட்டு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு காம்புக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினார். ஆட்டோவைக் கண்டதும் பயந்து எழுந்தார்.

“யாரும்மா நீங்கல்லாம்? நான் யாராண்டயும் ஒண்ணும் பேசலியே.”

ஷாலு இறங்கி முன்னால் போனாள்.

“வேன் டிரைவரு சம்சாரம்மா நானு. உங்கள வெளிய இட்டாந்தாரே, அவரு.”

பட்டம்மாள் முகத்தில் இருந்த பயம் அத்தனையும் ஒரு நொடியில் வடிந்தது. கீரைத் தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஷாலுவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

“அந்தத் தம்பி வூடா நீ? வாம்மா, வா கண்ணு. தம்பிக்கு ஒடம்பு எப்டி கீது? ஆஸ்பத்திரிலேர்ந்து வூட்டுக்குப் போய்ட்டாருன்னு மேனேஜரு சொன்னாரு. வந்து ஒரு வார்த்த சொல்லணும்னு மனசு அடிச்சிகினே கீது. பஸ்ஸு ஏற முடியலம்மா, மூச்சு வாங்குது. நல்லா கீறாரா?”

தவ்ஃபீக் சட்டென்று திரும்பி ஆட்டோவின் பின்பக்கம் போய்விட்டான். ரெஜினா ஓர் அடி முன்னால் வைத்தாள். எத்தனையோ வீடுகளில் இந்தச் செய்தியைச் சொல்லிப் பழகியவள்.

ஷாலு கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள். வாசற்படியில், பட்டம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள். பற்றிய கையை விடவில்லை.

“சொல்றேம்மா. எல்லாத்தையும் சொல்றேன்” என்றாள். “அதுக்கு மின்னாடி நீங்க சொல்லுங்க. உள்ள வந்தப்போ அவரு உங்களாண்ட இன்னா பேசினாரு?”

பட்டம்மாள் கண்ணை மூடி யோசித்தார்.

“‘பயப்படாத ஆயா, என் கயுத்த கெட்டியா புடிச்சிக்கோ’ன்னாரு. அம்மாம் இருமல்லயும் சிரிச்சாரும்மா. ‘ஆயான்னா கோச்சிக்காத, அக்கான்னே வச்சிக்கோ’ன்னாரு.”

ஷாலு அதைக் கேட்டாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.